பிட்டுத் தீவில் தங்கிப்போன நிழல்கள்

செருப்பை மறந்துவிட்டுப் போனவரைப் பார்த்திருப்பீர்கள், குடையையும் மூக்குக்கண்ணாடியையும் விட்டுப் போனவரைப் பார்த்திருப்பீர்கள், பெற்ற பிள்ளையையே பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டுப் பாதி வழியில் அலறி இறங்கியவரைக்கூடப் பார்த்திருப்பீர்கள், ஆனால் தன் நிழலை ஒரு தீவில் விட்டுவிட்டு, ஒன்றும் குறையாத மாதிரி போட் ஏறிப் போன மனுசரைப் பார்த்திருக்கிறீர்களா?

கூனிமுனைக்காரர்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நிற்கவும் இல்லை, அவரவருக்கு வேலை கிடந்தது.

கூனிமுனைக் கரையிலிருந்து போட்டில் அரை மணி நேரம் போனால் பிட்டுத் தீவு. அவித்து உதிர்த்த பிட்டு மாதிரி வெள்ளை மணல், நடுவில் இடுப்பளவு புதர், சுற்றிலும் கண்ணாடித் தண்ணீர், அதற்கடியில் பவளப்பாறை. கிணறு கிடையாது, மரமென்று சொல்ல ஒரு மரம் கிடையாது, ராத்தங்க யாருக்கும் அனுமதி கிடையாது. வனத்துறைக் காவலில் இருந்த அந்தத் தீவுக்கு ஊர்ப் பெண்கள் பன்னிரண்டு பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து வெளியூர் ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டிவந்தார்கள். ஒரு நடைக்குப் பதினைந்து பேர், இரண்டு மணி நேரம், ஒரு சிப்பி எடுக்கக் கூடாது, ஒரு பிளாஸ்டிக் விடக் கூடாது. அதற்கு முன்பெல்லாம் அவர்கள் கடலில் முங்கிப் பாசி எடுத்தே பிழைத்தவர்கள், பாறை கிழிக்காமலிருக்க விரலுக்கு விரல் துணி சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி அடக்கிக் காது மந்தமானவர்கள். இன்றைக்கும் மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும் பாசிக்குப் போவார்கள். அந்தப் பன்னிரண்டு நாளை எந்த அதிகாரியும் வந்து சொல்லவில்லை, பாசி வளர நாள் விட வேண்டும் என்று அவர்களே கூடிப் பேசி வைத்துக்கொண்ட கட்டு.

குழுவிலேயே இளையவள் நம்புவடிவு. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள், இடுப்பில் இரண்டு வயது தர்ஷிகா, உதட்டில் எப்போதும் ஒரு சிரிப்பு. புருசன் கருமலையான் போட்டை ஓட்ட, இவள் முன்னால் நின்று வந்தவர்களுக்கு எல்லாம் சொல்லுவாள், பாறை மேல் காலை வைக்காதீர்கள், அதற்கும் உயிர் இருக்கிறது, உங்கள் வீட்டு அடுப்பு மேல் நான் ஏறி நின்றால் சும்மா இருப்பீர்களா என்று கேட்பாள், அவர்கள் சிரித்துக்கொண்டே காலை எடுப்பார்கள். ஆறு வருடத்துக்கு முன் பாசிக்கு முங்கினபோது இடது காதில் சவ்வு கிழிந்து ரத்தம் வந்தது, இனி முங்கினால் இருக்கிற காதும் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதனால் மற்ற பதினொரு பேருக்கும் கடல் இருந்தது, வடிவுக்கு இந்தத் தீவு மட்டும்தான் இருந்தது.

முதல் நிழல் தை மாதத்தில் தங்கியது. மதுரையிலிருந்து வந்த ஒரு பாத்திரக்கடைக்காரர், நல்ல வாட்டசாட்டமான மனுசர், கரையில் ஒரே இடத்தில் நின்று போனைத் தூக்கிப் பிடித்து முக்கால் மணி நேரம் தன்னையே படம் எடுத்தார். பிறகு வந்து போட்டில் ஏறினார். குப்பை கிடக்கிறதா என்று பார்க்கத் திரும்பிய வடிவு, அவர் நிழல் மட்டும் மணலில் கையைத் தூக்கியபடியே கிடப்பதைப் பார்த்தாள். ஐயா உங்கள் நிழல் என்று கூப்பிடுவதற்குள் கருமலையான் எஞ்சினை முடுக்கிவிட்டான், சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

மறுநாளும் அது அங்கேதான் இருந்தது. சூரியன் எங்கே போனாலும் அது நகரவில்லை. தர்ஷிகா அதில் போய் உட்கார்ந்து சொப்பு வைத்து விளையாடினாள். மரமில்லாத தீவில் இதுவரை வெயிலிலேயே சோற்றுவாளியைத் திறந்த பெண்கள், அன்றைக்கு மதுரைக்காரரின் வயிற்றுப் பக்கமாக வட்டமாய் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். இவர் வீட்டம்மாகூட இந்த நிழலில் இவ்வளவு சுகமாக உட்கார்ந்திருக்க மாட்டாள் என்று குழுவின் வாயாடி முத்துராக்கு சொல்ல, எல்லோருக்கும் புரையேறியது.

பிறகு ஒன்று ஒன்றாகத் தங்க ஆரம்பித்தன. வந்தவர் எல்லாருடையதும் தங்கவில்லை, ஒரே இடத்தில் நெடுநேரம் நின்று தன்னையே பார்த்துக்கொண்டவர்களுடையதுதான் தங்கியது. இதை என்ன செய்வது என்று குழு கூடிப் பேசியது. குப்பையென்றால் அள்ளிக்கொண்டு வந்துவிடலாம், நிழல் குப்பையா? தொலைந்த பொருள் என்றால் கேட்டு வருகிறவரிடம் கொடுக்கலாம், யாரும் கேட்டு வரவில்லையே? வனக்காவலர் அந்தோணிப்பிச்சை தன் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, பறவைக்கு ஒரு பக்கம் இருக்கிறது, ஆமைக்கு ஒரு பக்கம் இருக்கிறது, இதற்குப் பக்கம் இல்லை என்று மூடிவிட்டார்.

அப்போது வாடைக்காற்று காலம். நிழல்களின் ஓரங்கள் மணலைவிட்டுத் தூக்கித் தூக்கி அடித்தன, ஒரு காலேஜ் பெண்ணின் நிழல் பாதி உடம்பு எழும்பிக் கடல் பக்கம் படபடத்தது. பறந்துபோய் இலங்கைப் பக்கம் விழுந்தால், பாஸ்போர்ட் இல்லாத நிழலுக்கு யார் போய்ப் பதில் சொல்வது என்றாள் முத்துராக்கு. பாசியைக் காயப்போடுகிறவர்களின் கை சும்மா இருக்குமா, தார்ப்பாய் பறக்காமல் நாலு மூலையிலும் கல் வைத்துப் பழகிய கை அது. கரையில் ஒதுங்கிக் கிடந்த செத்த பவளக்கல்லைப் பொறுக்கி வந்து ஒவ்வொரு நிழலுக்கும் தலைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று, கைக்கு ஒன்றாக வைத்து அமர்த்திவிட்டார்கள். விருந்தாளியின் பொருளைப் பத்திரமாக வைத்த திருப்தியில் வீட்டுக்குப் போனார்கள்.

சேதி பரவியது. நிழலைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள், பிறகு நிழலை விட்டுப் போகவே வந்தார்கள். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் கையைக் கோத்துக்கொண்டு மணிக்கணக்கில் அசையாமல் நின்றார்கள், ஒரு குடும்பம் பாட்டியிலிருந்து கைப்பிள்ளை வரை வரிசையாக நின்று மொத்தமாக விட்டுவிட்டுப் போனது. ஒரு நாளைக்கு இரண்டு நடை போன போட் நாலு நடை போனது. கூனிமுனையில் இட்லிக்கடை இரண்டாயிற்று, கருவாடு விற்கிற கிழவிகூட நிழல் கருவாடு என்று பலகை வைத்தாள், அது என்ன என்று கேட்டவரிடம் நிழலில் காய்ந்தது என்றாள். மாசி பிறக்கும்போது தீவின் தென்கரை முழுக்கக் கறுப்பு விரிப்பு விரித்த மாதிரி ஆயிற்று.

அந்த மாசியில்தான் ஆமை வந்தது. பதினோரு வருடமாக அந்தத் தீவைத் திரும்பிப் பார்க்காத பங்குனி ஆமை என்று ஊரில் சொல்லும் சிறு கடலாமை ஒன்று கரையேறி, கறுப்பு விழாமல் மிச்சமிருந்த ஒரு திட்டில் குழி பறித்து நூற்றுப் பதினெட்டு முட்டை இட்டுவிட்டுப் போயிருந்தது. அந்தோணிப்பிச்சை முழங்காலில் உட்கார்ந்து எண்ணி மூடிவிட்டுச் சுற்றிக் குச்சி நட்டார், அவர் கண் கலங்கியிருந்தது, வடிவு பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள்.

மறுநாள் குழுவின் தலைவி சீனியம்மாள் தன் மகன் பூமிநாதனைத் தீவுக்கு அழைத்து வந்தாள். புருசன் இல்லாதவள், ஒரே மகன், சவூதியில் கட்டட வேலை, நாலு வருடம் கழித்து இருபது நாள் லீவில் வந்தவன். அன்றைக்கு அவனுக்குக் கடைசி நாள். ஆமைக்குழிக்குப் பக்கத்தில் போய் நின்றவன் தன் காலடியையே பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தான், தாயும் கூப்பிடவில்லை, எவ்வளவு நேரம் நின்றானோ, அவன் விமானம் ஏறிப் போன பிறகு பார்த்தால் அவன் நிழல் ஆமைக்குழியின் மேல் நீளமாகப் படுத்துக் கிடந்தது. சீனியம்மாள் தேடித் தேடி வழவழப்பான கல்லாக நாலு எடுத்து வந்து, தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று, இரண்டு கைக்கும் இரண்டு என்று தானே வைத்தாள். அன்றிலிருந்து மத்தியானச் சோற்றை அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். ஒரு துண்டு மீனை ஓரமாக எடுத்து வைப்பாள், காக்கா தூக்கிக்கொண்டு போகும்.

ஆமை முட்டையிட்டு நாற்பது நாள் ஆயிற்று. அந்தோணிப்பிச்சை குழியோரம் கம்பியைச் சொருகி மணலின் சூட்டைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மணல் வெயிலைக் குடித்தால்தான் முட்டைக்குள் குஞ்சு திரளும், இந்த மணல் குளிர்ந்து கிடக்கிறது. ஐம்பத்தைந்து அறுபது நாளுக்குள் பொரிய வேண்டும், பொரியாவிட்டால் ஆள் வரத்து இந்தத் தீவுக்கு ஆகவில்லை என்று எழுதத்தான் வேண்டும், எழுதினால் தீவை மூடிவிடுவார்கள், நான் எழுதாமலும் இருக்க முடியாது வடிவு என்றார். மூடட்டும், அதுதான் நியாயம் என்றாலும் மூடட்டும், ஆனால் முட்டை போன பிறகு மூடி என்ன பிரயோசனம் என்று வடிவு கேட்டாள். குழியோரமாக முழங்கை வரை மணலுக்குள் கையை விட்டுப் பார்த்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் எவ்வளவு என்று கைவைத்தே சொல்கிறவள் அவள். காலைக் குளியல் முடிந்த பிள்ளையின் முதுகு மாதிரி சில்லென்று இருந்தது.

கல்லை எடுத்தால் பூமிநாதனின் நிழல் கடலோடு போய்விடும், எடுக்காவிட்டால் முட்டை போய்விடும் என்று வீட்டுக்குப் போயும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பாசிக்குப் போக முடியாது, தீவும் மூடினால் கருமலையான் பழையபடி வேறொருவர் போட்டில் கூலிக்குப் போவான், அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம். அந்த ஆமை பதினோரு வருடம் கழித்து நம்மை நம்பி வந்ததே என்பதுதான் அவளுக்கு நெஞ்சில் முள்ளாக நின்றது.

வழி ஒரு கல்லில் இருந்தது. பங்குனியில் காற்று திரும்பித் தெற்கிலிருந்து அடிக்க ஆரம்பித்த மூன்றாம் நாள், போட்டில் இறங்கு பலகை ஆட்டம் கொடுத்தது, அண்டை கொடுக்க ஒரு கல் வேண்டுமென்று வடிவு பக்கத்திலிருந்த மதுரைக்காரரின் தலைமாட்டுக் கல்லை எடுத்தாள், பத்தவில்லை என்று மற்றக் கற்களையும் எடுத்தாள். எடுத்த மாத்திரத்தில் அந்த நிழல் ஒரு முறை உதறிக்கொண்டு எழுந்து, தூக்கின கையைக் கீழே போட்டுவிட்டு, தண்ணீர் மேல் படகின் நிழல் போவது போலக் கரைப் பக்கம் வழுக்கிப் போயிற்று. மறுநாள் குழுவின் போனுக்கு மதுரையிலிருந்து அழைப்பு வந்தது. இரண்டு மாதமாக என்னவென்று தெரியாமல் உடம்பெல்லாம் எரிந்தது, தூக்கமில்லை, கடையில் நின்றால் வாடிக்கையாளர் என்னைத் தாண்டிப் பின்னால் இருக்கிற அண்டாவைப் பார்க்கிறார்கள், நேற்றுச் சாயங்காலம் வாசலில் ஏதோ வந்து காலில் ஒட்டியது, அதிலிருந்து நன்றாக இருக்கிறேன், அங்கே எதையாவது விட்டுவிட்டு வந்தேனா அம்மா என்று கேட்டார்.

வடிவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நிழல்கள் தங்கவில்லை, தாங்கள்தான் தங்கவைத்தார்கள். அவை முதல் நாளிலிருந்தே வீட்டுக்குப் போகத்தான் படபடத்திருக்கின்றன.

குழுவைக் கூட்டினாள். லேசில் முடியவில்லை அந்தப் பேச்சு. நிழல் இருக்கிறதால்தானே நாலு நடை, அதையும் அனுப்பிவிட்டால் யார் வருவார்கள் என்று ஒருத்தி கேட்டாள். தைக்கு முன்னால் எதைப் பார்க்க வந்தார்களோ அதைப் பார்க்க வருவார்கள் என்றாள் வடிவு. வராவிட்டால் என்று இன்னொருத்தி கேட்டாள். சீனியம்மாள் மணலைக் கிளறிக்கொண்டிருந்தாள். வடிவு எழுந்து நின்றாள்.

"பாசிக்குப் பன்னெண்டு நாள்னு நம்மள யாரும் அடிச்சா சொன்னாக? நாமதானக்கா சொன்னோம். அன்னைக்கும் அடுப்பெரியாதுன்னு அழுதுக்கிட்டேதான் சொன்னோம். ஆளக் கூட்டிட்டு வந்தது நாம. முழுசாக் கூட்டிட்டு வந்தா முழுசாக் கொண்டுபோயி விடணும். பாதி ஆள இங்க போட்டுட்டுப் போறதுக்குப் பேரு என்னக்கா?"

பிறகு முத்துராக்கு எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். "அந்தக் கல்லுகளத் தூக்கி வச்சதே நான்தான். தூக்கி வச்ச இடுப்பு இன்னும் வலிக்குது, இப்ப எடுக்கவும் என்னையவே கூப்பிடுறா பாரு" என்றபடி கடலைப் பார்க்க நடந்தாள், மற்றவர்களும் பின்னால் போனார்கள்.

மூன்று நாள் ஆள் நடையை நிறுத்திவிட்டுக் கல் எடுத்தார்கள். தெற்குக் காற்று அடிக்க அடிக்க நிழல்கள் எழுந்து போயின, கை கோத்தவை கை கோத்தபடியே போயின, அந்தக் குடும்பத்தின் நிழல் பாட்டியை முன்னால் விட்டு வரிசையாகப் போயிற்று, கூனிமுனையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் தலைக்கு மேல் மேகம் போவது போல ஒவ்வொன்றாகக் குளிர்ச்சி கடந்து போவதை உணர்ந்து, இது மதுரைக்குப் போறது, இது கோயம்புத்தூருக்குப் போறது என்று சொல்லிக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள். இனி யாரும் ஒரே இடத்தில் பத்து நிமிசத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்றும், போட் ஏறுமுன் பாசியை உதறுகிற மாதிரி இரண்டு காலையும் உதறித் திரும்பிப் பார்க்க வேண்டும் என்றும் புதுக் கட்டு வைத்தார்கள். கல்லையெல்லாம் ஒதுங்கிக் கிடந்த இடத்திலேயே கொண்டுபோய்ப் போட்டார்கள்.

நாற்பத்தெட்டாம் நாள் தீவு முழுக்க வெள்ளை வெளேர் என்று கிடந்தது, ஒரு நிழலைத் தவிர. அது ஆமைக்குழியின் மேல் கிடந்தது. அதன் பக்கத்தில் சீனியம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. அந்தோணிப்பிச்சை தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு தூரத்தில் நின்றார். சட்டப்படி எடுக்கலாம், என்னால் முடியாது என்றார். வடிவு பிள்ளையைக் கருமலையானிடம் கொடுத்துவிட்டுப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சீனியம்மாள்தான் முதலில் பேசினாள். "நிழலு இங்க கெடந்தா, அதத் தேடியாவது வருவான்ல ஆத்தா."

உங்கள் மகன் போனில் என்ன சொல்கிறது அத்தை என்று வடிவு கேட்டாள். அங்கே வெயில் இந்த வருசம் நேராக எலும்புக்குள் இறங்குகிறது என்கிறான், மூன்று தடவை மயங்கி விழுந்துவிட்டான், கூட வேலை செய்கிற பிள்ளைகள் தூக்கித் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள் என்று சீனியம்மாள் சொன்னாள். சொல்லி முடித்ததும் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்த மாதிரி நிறுத்திக்கொண்டாள்.

வடிவு அவள் கையைப் பிடித்தாள். பாறை கிழித்த தழும்பு விரலுக்கு விரல் இருந்த கை. பிடித்துக் குழியோரம் மணலுக்குள் மெல்ல இறக்கினாள், மணிக்கட்டு வரை, முழங்கை வரை. "நீங்களே பாருங்கத்தே. நீங்க பெத்தவுக, ஒங்களுக்கு நான் சொல்லணுமா?"

சீனியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இருந்தாள். "குளுருது" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நூத்திப் பதினெட்டும் குளுருல கெடக்கு, அங்க எம்புள்ள வெயில்ல கெடக்கான். ரெண்டுக்கும் நடுவுல நான் கல்ல வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கேன்" என்றாள்.

கால்மாட்டுக் கல்லை எடுத்தாள். கைக்கல் இரண்டையும் எடுத்தாள். தலைமாட்டுக் கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்துவிட்டு அதையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மற்ற நிழல்களெல்லாம் கல்லை எடுத்ததும் துள்ளி ஓடின, இது அசையவில்லை. காற்று அதன் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தது, அது மறுபடி படுத்துக்கொண்டது. அப்போது சீனியம்மாள் குனிந்து, மகன் சின்னப்பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூட வாசலில் சொன்ன மாதிரி, அம்மா இங்கேயேதான் இருப்பேன், நீ போய்யா என்றாள். நிழல் எழுந்தது. அவள் தலைமேல் ஒரு சுற்று வந்து, அந்த ஒரு சுற்று நேரம் அவளுக்குக் குளிர்ச்சி கொடுத்துவிட்டு, மற்றதெல்லாம் போன வடதிசையை விட்டு மேற்கே திரும்பிப் போயிற்று. தெற்குக் காற்றில் மேற்கே எப்படிப் போகும் என்று கருமலையான் கேட்டான். அதற்கு வழி தெரியும், நீ பிள்ளையைப் பார் என்றாள் வடிவு.

மணல் வெயிலைக் குடித்தது. ஐம்பதாம் நாள் இளஞ்சூடு, ஐம்பத்துமூன்றாம் நாள் காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றிச் சூடு. வடிவு தினமும் கையை விட்டுப் பார்த்தாள். அறுபதைத் தாண்டினால் எழுதிவிடுவேன் என்று சொன்ன அந்தோணிப்பிச்சை அறுபதாம் நாள் பேனாவைத் தொலைத்துவிட்டதாகச் சொன்னார். அவர் சட்டைப் பையில் அது இருப்பதை எல்லோரும் பார்த்தார்கள்.

அறுபத்திரண்டாம் நாள் முதல் வெளிச்சத்தில் போட் தீவை அடைந்தபோது மணல் கொதிக்கிற சோறு மாதிரி அசைந்தது. ஒரு தலை வந்தது, ஒரு கை வந்தது, பிறகு குழியே பொங்கி வழிந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற குஞ்சுகள், முதுகில் மணலோடு, ஒன்றன் மேல் ஒன்று ஏறி விழுந்து கடலைப் பார்க்க ஓடின. பன்னிரண்டு பெண்களும் இரண்டு வரிசையாக நின்று காக்காய்களை விரட்டினார்கள். தர்ஷிகா அப்பன் தோளில் இருந்துகொண்டு எல்லாவற்றுக்கும் டாட்டா காட்டினாள். எழுபத்து மூன்று போயிற்று. மிச்சம் நாற்பத்தைந்து முட்டை குளிரிலேயே நின்றுபோயிருந்தது. அதையும் ஒளிக்காமல் எழுதுங்கள் அண்ணே, எங்கள் கல்லால் போனது என்று எழுதுங்கள், இனிமேல் வைக்க மாட்டோம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள் என்று வடிவு சொன்னாள். அந்தோணிப்பிச்சை சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, ஆமைக்கான பக்கத்தில் அப்படியே எழுதினார்.

ஒவ்வொரு குஞ்சு போகும்போதும், ஈர மணலில் அதனோடு ஒட்டிக்கொண்டு காசளவு ஒரு நிழலும் போனது. சீனியம்மாள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிக் குஞ்சு அலைக்குள் போனதும் வடிவிடம் வந்து, மகனுக்கு ஒரு சேதி பேசி அனுப்ப வேண்டும், அந்தப் பொத்தானை அமுக்கிக் கொடு ஆத்தா என்று போனை நீட்டினாள். அங்கே இன்னும் விடிந்திருக்காது அத்தை என்று சொல்லிக்கொண்டே வடிவு அமுக்கிப் பிடித்தாள். சீனியம்மாள் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், அலைச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படியாகப் பேசினாள்.

"ஏய்யா பூமி, விடிஞ்சதும் வெளிய வந்து செத்த நேரம் வெயில்ல நில்லு. மூஞ்சிய எடுத்து அனுப்பாத, அது என் கண்ணுலயே இருக்கு. காலுக்குக் கீழ தரைய மட்டும் ஒரு போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்புய்யா."